சுருளியின் சந்தோஷம்

சுருளியம்மாளிடம் "எப்படி இருக்கே?" என்று யாராவது கேட்டு நாலு வருஷம் இருக்கும். கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவள் எப்படி இருக்கிறாள் என்பதுதான் ஆறு கோடிப் பேருக்கும் தெரியுமே. பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வதல்ல. அவள் கபடியில் ஜெயித்த மறுகணம் அவளுடைய சந்தோஷம் அப்படியே அவர்கள் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். பதினோரு நிமிஷம் நிற்கும். அப்புறம் ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள்.

இதொன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. சுருளியின் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், அரிசி அளவுக்கு ஒரு சில்லு. மக்களுக்கு மணிக்கட்டில் ஒரு பட்டை. சில்லு அனுப்பும், பட்டை வாங்கிக்கொள்ளும். அரசாங்கம் இதற்கு உடனுணர்வு என்று பேர் வைத்து, ரேஷன் கடையில் பருப்போடும் பாமாயிலோடும் விலையில்லாப் பட்டையாகக் கொடுத்தது. கார்டில் எத்தனை தலையோ அத்தனை பட்டை. ஒவ்வொன்றிலும் தலைவர் படம் உண்டு. படம் போடாமல் எதைத்தான் கொடுத்தார்கள்?

தேர்தல் என்கிற தலைவலியைத் தலைவர் எப்போதோ ஒழித்துவிட்டார். அதற்குப் பதிலாக வருஷத்துக்கு ஒரு இசைவு நாள். அதே பட்டையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் தலைவர் தொடர்வதற்கு உங்கள் இசைவு, சும்மா இருந்தால் இசைவில்லை. கெடுபிடி, மிரட்டல் ஒன்றும் கிடையாது. இசைவு நாள் எப்போதும் கபடி இறுதிப் போட்டிக்கு மறுநாள் வரும், அவ்வளவுதான்.

களத்தில் ஏழு பேர் ஆடினாலும் சில்லு சுருளிக்கு மட்டும்தான். அதனால் விடுதியில் மற்றப் பெண்கள் அவளிடம் ஒட்டமாட்டார்கள். முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனால், "நேற்று எவ்வளவு நன்றாக இருந்தீர்கள், நானே உணர்ந்தேனே!" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பெண் பார்க்க வந்த ஒருவன் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உங்களைத்தான் எனக்கு உள்ளும் புறமும் தெரியுமே என்று சொல்லிவிட்டுக் கேசரியைச் சாப்பிட்டான். அவளுக்கு அவன் பேர்கூடச் சரியாகத் தெரியாது. அந்தச் சம்பந்தத்தை அவளே வேண்டாமென்றாள். அதன்பிறகு சனி ஞாயிறுகளில் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதுதான் அவள் வேலை.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். போன வருஷம் அரையிறுதி அன்றைக்கு நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

சின்னக்குளம் கரையில் நூற்று நாற்பது வீடுகள். சுருளி பிறந்தது அங்கேதான். தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபிறகு அவளை வளர்த்து ஆளாக்கிய அண்ணன் சின்னமாயனும் அவன் பெண்டாட்டி ராமுத்தாயும் அங்கேயே குடியிருந்தார்கள். அவன் வாழைக்காய் மண்டியில் தார் சுமக்கிறவன். குளத்தங்கரையில் விளையாட்டு வளாகம் வருகிறது என்று சொல்லி நூற்று நாற்பது வீட்டையும் ஒரே நாளில் இடித்தார்கள். யாரோ எடுத்த படம் இரண்டு வாரம் கழித்து அவள் கைக்கு வந்தது.

படத்தில் கூச்சல் இல்லை. மண்ணை வாரித் தூற்றுகிற கிழவி இல்லை, புல்டோசருக்கு முன்னால் விழுகிற ஆள் இல்லை. வரிசையாக நின்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னமாயன் ஒரு டேபிள் ஃபேனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் வீட்டுச் சுவர் சரிவதைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான். கண் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணைச் சுருளி அன்றைக்கு எத்தனை தடவை பார்த்தாளோ தெரியாது.

உடனே போன் போட்டாள். ஒரே ஒரு தடவை எடுத்தான். "வீடு விழுறப்ப நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன், சுருளி. உன் சந்தோசம்" என்றான். வைத்துவிட்டான். அதன்பிறகு ஒரு வருஷமாக எடுக்கவே இல்லை. அவள் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை.

அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. நான் சந்தோஷப்பட்டதால்தானே அவன் சிரித்தான், நான் சந்தோஷப்பட்டதால்தானே அவன் கையைத் தூக்காமல் நின்றான் என்று மனசு பிறாண்டிக்கொண்டே இருந்தது. தான் இப்படிக் கிடந்து வேகிறதை அண்ணன் ஒரு தடவை உணர்ந்துவிட்டால் போதும். அதற்கு அவளிடம் இருந்தது ஒரே வழி. காதுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சில்லு.

ஆனால் அதிலும் ஒரு சங்கடம். தோற்றால் ஒளிபரப்பு கிடையாது. தோற்றவளின் துக்கத்தை யார் வாங்குவார்கள்? அழவேண்டுமானால் முதலில் ஜெயிக்கவேண்டும். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று தெரியாமல், இந்த வருஷ இறுதிப் போட்டிக்கு ஆறு மாசம் முன்பிருந்தே வெறிபிடித்தவள்போலப் பயிற்சி எடுத்தாள். பயிற்சியாளர் பூரித்துப்போனார்.

சனிக்கிழமை. நாற்பதாயிரம் பேர் கூட்டம், மேடையில் தலைவர். கடைசி ரைடு வரும்போது இரண்டு அணியும் முப்பத்தொன்று. சுருளி கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். மூலையில் நின்றவளின் தோளைத் தொட்டாள். திரும்புவதற்குள் இரண்டு பேர் முழங்காலைக் கட்டிப்பிடித்தார்கள். வலித்த கால்தான். மூச்சு விடாமல் கபடி கபடி என்று முனகிக்கொண்டே, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு தவழ்ந்து, நடுவிரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டாள். விசில் ஊதிவிட்டார்கள்.

அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்து கண்ணை மூடினாள். டேபிள் ஃபேனை இடுக்கிக்கொண்டு நின்ற அண்ணனை நினைத்தாள். வலிந்து வரவழைக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது பொங்கிக்கொண்டு வந்தது. வாய்விட்டு, தேம்பித் தேம்பி அழுதாள். வாங்கிக்கோ அண்ணே, இதுதான் நான், வாங்கிக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அழுதாள்.

கண்ணைத் திறந்தபோது நாற்பதாயிரம் பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டார். தலைவர் பொன்னாடையோடு இறங்கி வந்தார். அழுது வீங்கின அவள் முகத்துக்கு எதிரே நின்று, நெகிழ்ந்துபோய், உன் சந்தோஷமே என் சந்தோஷம் அம்மா என்று மைக்கில் சொன்னார். அவர் மணிக்கட்டிலும் பட்டை இருந்தது. பொன்னாடையின் ஜரிகை கழுத்தில் குத்தியது. சுருளிக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

மறுநாள் இசைவு நாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் பொத்தானை அழுத்தினார்கள்.

திங்கட்கிழமை காலையில் சுருளி உடனுணர்வு நிலையத்துக்குப் போனாள். அங்கே ஜெஸிந்தா என்று ஒரு பொறியாளர். தூத்துக்குடிக்காரி, நாற்பது வயசிருக்கும். சில்லு வைத்த நாளிலிருந்து மாசத்துக்கு ஒருமுறை அதைச் சோதிக்கிறவள். அவள் மட்டும்தான் சுருளியை நேராக முகம்பார்த்துப் பேசுவாள். அதற்குக் காரணம் உண்டு. அவள் பட்டை கட்டுவதில்லை. தோல் அரிப்பு என்று டாக்டர் சர்டிபிகேட் வாங்கி வைத்திருந்தாள்.

சில்லு கெட்டுப்போய்விட்டதா அக்கா என்று சுருளி கேட்டாள். ஜெஸிந்தா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சில்லு நல்லாத்தான் இருக்கு. நீ அழுதது முழுக்க இங்க வந்துச்சு. திரையில பார்த்துட்டு எனக்குச் சோறு இறங்கல. ஆனா பார்த்தது நான் ஒருத்திதான்."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கு நீ போகல சுருளி. நீ போய் மூணு வருசம் ஆச்சு."

பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். முதல் வருஷம் சுருளியின் சந்தோஷம் நிஜமாகத்தான் போயிற்று. ஆனால் போகப்போக அது மெலிந்துவிட்டது. முழங்கால் வலி, தூக்கமின்மை, அப்பாடா முடிந்தது என்கிற அலுப்பு, இவ்வளவுதான் மிச்சம். இதை எப்படி ஆறு கோடிப் பேருக்கு அனுப்புவது, அப்புறம் மறுநாள் யார் பொத்தானை அழுத்துவார்கள் என்று மேலே இருப்பவர்கள் கவலைப்பட்டார்கள். மேலே என்றால் யார் என்று சுருளி கேட்கவில்லை. மேலே என்றால் மேலேதான். பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். சில்லு வைத்த புதிதில், வெள்ளோட்டமாக, ஒரு மாவட்டப் போட்டியில் பிடித்த பதிவு கிடைத்தது. அப்போது சுருளிக்குப் பத்தொன்பது வயசு.

"அந்த மாதிரி ஒண்ண நாங்க யாருகிட்டயும் பார்த்ததே இல்ல. சரியா பதினோரு நிமிசம். அன்னியிலிருந்து ஒவ்வொரு மேட்சுக்கும் அதேதான் போகுது. சந்தோசம்னா அது மட்டும் தனியா வராதுல்ல, கொஞ்சம் உடம்பும் ஒட்டிக்கிட்டு வரும். அதுல கால் தரையில படல. ஆடிக்கிட்டே போற மாதிரி இருக்கு. கைக்குள்ள ஏதோ சொரசொரன்னு. அது என்னன்னு எங்க யாருக்கும் புரியல."

சுருளிக்குப் புரிந்தது. மாவட்டக் கோப்பையை ஜெயித்த அன்றைக்கு அண்ணன் மண்டியிலிருந்து லீவு சொல்லாமல் வந்திருந்தான். ஆட்டம் முடிந்ததும் அவளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, மைதானத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தான். விழுந்துவிடாமல் இருக்க அவள் அவன் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வாழைத்தார் சுமந்து சுமந்து முடி தேங்காய் நாராக இருக்கும். ஊரே பார்க்குது, இறக்கிவிடுண்ணே என்று கத்தினாள். பார்க்கட்டும் என்று இன்னும் துள்ளித் துள்ளி நடந்தான். வழிநெடுக இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"இன்னொண்ணையும் சொல்லிடறேன்" என்றாள் ஜெஸிந்தா. "சின்னக்குளத்துல வீட்டை இடிக்க ஆரம்பிச்சது மூணரை மணிக்கு. அன்னிக்கு உன் மேட்ச் முடிஞ்சது நாலே கால். அந்தத் தெருவுக்கு மட்டும் முன்னாலயே, திரும்பத் திரும்ப அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினது நான்தான்."

அவளைத் திட்டவேண்டும் என்று சுருளிக்குத் தோன்றவில்லை. நான் இல்லை, அது நான் இல்லை என்கிற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. நாலே கால் வரைக்கும் அவள் களத்தில் மண்ணைத் தின்றுகொண்டிருந்தாள். அண்ணனுடைய வீடு இடிந்ததற்கு அவள் சந்தோஷப்படவில்லை. இதைச் சொன்னால் அவன் நம்புவான். எந்தச் சந்தோஷம் என்று சொன்னால் கட்டாயம் நம்புவான். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாக அவளுக்கு நன்றாக மூச்சு வந்தது.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினாள். பஸ்ஸில் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்து, சனிக்கெழம எம்புட்டுச் சந்தோசமா இருந்தே தாயி, என் வயித்துவலியே நின்னுபோச்சு என்றாள். சுருளி தலையை ஆட்டினாள். எட்டு மணி நேரத்தில் அவளோடு வேறு யாரும் எதுவும் பேசவில்லை.

சின்னக்குளத்துச் சனங்களை ஊருக்கு வெளியே, பைபாஸுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி கட்டிக் குடியேற்றியிருந்தார்கள். அண்ணன் வீடு எட்டாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். ராமுத்தாய் திறந்தாள். இளைத்துப்போயிருந்தாள். சுருளியைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு, "உள்ளதான் இருக்காரு" என்றாள்.

சின்னமாயன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டி நுனியால் பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான்.

சுருளி அவன் எதிரே உட்கார்ந்து மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். பதிவு, மூணரை மணி, நாலே கால், சனிக்கிழமை அழுதது, மாவட்டக் கோப்பை, பஸ் ஸ்டாண்டு வரை நடந்தது. ஜெஸிந்தாவின் பேரை மட்டும் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது.

"தெரியும்" என்றான் சின்னமாயன்.

"என்னண்ணே தெரியும்?"

"அது வர ஆரம்பிச்ச அன்னிக்கே தெரியும். என் முடி எனக்குத் தெரியாதா? என் தலை உன் கைக்குள்ள எப்படி இருந்துச்சோ, அப்படியே என் கைக்கு வந்துச்சு. நீ மேலருந்து குனிஞ்சு இறக்கிவிடுண்ணேங்குற. எனக்குச் சிரிப்பு வராம என்ன செய்யும்?" சொல்லும்போதே அவன் முகம் இளகியது. "வீடு இடிஞ்ச அன்னிக்கும் அதேதான். எதிர்ல சுவரு விழுந்துக்கிட்டிருக்கு. அது பாட்டுக்கு விழுதுன்னு இருந்துச்சு."

"அப்ப என்மேல கோவம் இல்லையா?"

"உன்மேல எனக்கு என்ன கோவம்."

சுருளிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு வருஷமாகத் தூக்கிச் சுமந்தது ஒரு வார்த்தையில் இறங்கிவிட்டது. அவன் காலைத் தொட்டாள். பிறகுதான் கேட்கத் தோன்றியது. பின்னே ஏன் போனை எடுக்கவில்லை?

அவன் யோசித்தான். சொல்லலாமா வேண்டாமா என்று ராமுத்தாய் இருந்த அடுப்படிப் பக்கம் ஒருதடவை பார்த்தான்.

"எடுத்தா நீ பேசுவே. நீ இப்ப வேற மாதிரிப் பேசுற, தாயி. அலுத்துப்போய்ப் பேசுற. அஞ்சு வருசத்துல நீ வந்தது மூணு தடவ, வந்தாலும் செவத்தப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பே. பட்டையில வர்ற அவ அப்படி இல்ல. வந்தா தோள்ல ஏறி உக்காந்துக்கிட்டுத்தான் மறுவேல. இந்த வாரம் தினமும் வர்றா. இசைவுக்கு நன்றின்னு ஆறு மணிக்கு ஆறு மணிக்குப் போடுறாங்க."

சுருளி அவன் கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பொத்தானை அழுத்தினாயா என்று கேட்டாள்.

"அழுத்தினேன்."

"வீட்டை இடிச்சவங்களுக்கா?"

"அழுத்தலேன்னா பட்டைய வாங்கிக்கிருவாங்கள்ல" என்றான். அதில் என்ன சந்தேகம் என்பதுபோல அவளைப் பார்த்தான். மனைவி தன்னுடைய பட்டையைக் கழற்றி அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டாள் என்றும், அதைக் கட்டச்சொன்னால் சண்டைக்கு வருகிறாள் என்றும் குறைப்பட்டுக்கொண்டான்.

சுவர்க்கடிகாரத்தில் ஆறாக இரண்டு நிமிஷம் இருந்தது. சின்னமாயன் பட்டையை மணிக்கட்டில் சுற்றினான். சுருளி அவன் கையை எட்டிப் பிடித்தாள்.

"அண்ணே. நான் இங்க இருக்கேன்ல."

அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். கோபமாக இல்லை, பக்குவமாகத்தான். பட்டையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினான்.

முதலில் தோள் இரண்டும் லேசாக இறங்கிற்று, பாரம் ஏறியதுபோல. பிறகு அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, இல்லாத இரண்டு கணுக்காலைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டான். உட்கார்ந்த இடத்திலேயே அசைந்து அசைந்து ஆடினான்.

"பார்க்கட்டும்" என்றான். "ஊரே பார்க்கட்டும். கெட்டியாப் புடிச்சுக்க."

சுருளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டக்காரர்களுக்குப் பட்டை கொடுப்பதில்லை. அவளுடைய சந்தோஷம் அந்த அறைக்குள்தான் இருந்தது, எதிர்வீட்டில் இருந்தது, எட்டு மாடியிலும் இருந்தது. கீழே எங்கெங்கோ சிரிப்புச் சத்தம் கேட்டது. ராமுத்தாய் ஒரு தம்ளர் காப்பியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, புருஷனைப் பார்க்காமல் உள்ளே போனாள். காப்பியில் ஆடை படிந்தது.

ஆறு பதினொன்றுக்குச் சின்னமாயன் கண்ணைத் திறந்தான். பட்டையைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தான். துடைத்துக்கொண்டே நிமிர்ந்தவன், எதிரே உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தான்.

"நீ இன்னும் போகலையா?" என்றான்.